வலது கண் கடைக்கு

“அப்ப இடது கண்ணுல போடுங்க அண்ணி. எந்தக் கண்ணுன்னு யாரு வந்து கேக்கப் போறா?”

“இதையும் கெடுத்துக்கிட்டு? அப்புறம் மூணாவது கண்ணுக்கு நான் எங்க போறது குட்டி?”

“கெடுத்துக்கச் சொல்லல. மாத்திக்கச் சொல்றேன்.”

“மாத்திக்க இது என்ன செருப்பா?”

பிறகு பாத்திரம் வைக்கிற சத்தம். அதை வைத்த விதத்திலேயே யார் வைத்தது என்று தெரிந்துவிட்டது. குட்டி கோபத்தில் எதையும் போட்டு உடைக்க மாட்டாள். மெதுவாக, அழுத்தி வைப்பாள்.

அவர்கள் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் இருப்பது சுவர் இல்லை, பலகை. அந்தப் பக்கம் டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் இந்தப் பக்கம் எனக்குத் தாகம் எடுக்கும். கடைக்குப் பின்னால் ஊழியர்களுக்கென்று கட்டிய நான்கு மாடிக் கட்டடம் இது. நாங்கள் மூன்றாவது மாடி. வராந்தாவின் கோடியில் எல்லோருக்கும் ஒரே குழாய். நான் அந்தப் பெரிய கடையில் ஆல்டரேஷன் டெய்லர். வாங்குகிற துணியை அளவுக்குப் பிடித்துக் கொடுப்பதும், ஊழியர்களுக்குக் கோட்டு தைப்பதும் என் வேலை. எல்லோருக்கும் நான் டெய்லரக்கா.

பக்கத்து அறையில் மூன்று பேர். குட்டி கடையில் கீழ்த்தளத்துக்கு சூப்பர்வைசர். அந்தப் பதவிக்குத்தான் இந்த அறையைக் கொடுத்திருக்கிறார்கள். அவளுடைய அண்ணன் ரொட்டி அடுப்பில் வேலை செய்கிறவர். மூன்றாவது ஆள் அவர் மனைவி. குட்டி அண்ணி அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு மாடி முழுக்க அவள் அண்ணியாகிவிட்டாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், எனக்கும் அண்ணிதான். ஆனால் கடைக்குள் போனதும் இது தலைகீழாகிவிடும். அங்கே அண்ணி குட்டியை “மேடம்” என்பாள். வீட்டில் “போடி” என்று சொன்ன வாய் கடையில் “சொல்லுங்க மேடம்” என்று சொல்வதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். குட்டிக்கு வராது.

அண்ணிக்குக் கடையில் வேலை கண் மை கவுன்டரில். சும்மா எடுத்துக் கொடுத்து விற்கிற வேலை இல்லை. தன் கண்ணிலேயே போட்டுக் காட்ட வேண்டும். அதிலும் ஒரு முறை இருக்கிறது. ஒரு கண்ணில் மட்டும்தான் போட வேண்டும், மற்றது வெறுமனே இருக்க வேண்டும். எதிரே நிற்கிறவர்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். வித்தியாசம் தெரிந்ததும் பர்ஸைத் திறப்பார்கள். அந்த ஆள் போனதும் பஞ்சில் எண்ணெய் மாதிரி இருக்கிற ரிமூவரைத் தொட்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அடுத்தவருக்கு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். விளக்கு வைத்த கண்ணாடி வலது பக்கம் பொருத்தியிருந்ததால் எப்போதும் வலது கண்தான். அவள் புருஷன் கிண்டல் செய்வார்: “வலது கண்ணு கடைக்கு, இடது கண்ணு வீட்டுக்கு.” சாப்பிடும்போது அவளுக்கு இடது பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்வார். அது தன் பங்காம்.

அண்ணிக்குக் கிட்டப்பார்வை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் கை நீட்டும் தூரத்தில் நிற்கிறவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. கண்ணாடியோ பாட்டிலின் அடிப்பாகம் மாதிரி தடிமன். கடை மேனேஜருக்கு அதில் ஒரு கொள்கை உண்டு. “கண்ணு அழகை விக்கிற எடத்துல கண்ணாடி போட்டு நின்னா எவ வாங்குவா?” என்று எங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். அதனால் அண்ணியைச் சேர்த்துவிடும்போது குட்டி அவரிடம், எங்க அண்ணிக்குப் பார்வை பளிச்சுன்னு இருக்கும் சார் என்று சொல்லிவிட்டாள். அன்று முதல் அண்ணி லென்ஸ் போட ஆரம்பித்தாள். மாடிக்கு மட்டும் தெரியும், கடைக்குத் தெரியாது.

தெரிந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். எங்கள் மாடியிலேயே ஒருவர் காது மந்தம் என்பதை மறைத்து சாமான் இறக்குகிற இடத்தில் சேர்ந்தார். விஷயம் வெளியே வந்தபோது அவரோடு சேர்த்து, அவரைச் சிபாரிசு செய்த மாமனாரையும் அனுப்பினார்கள். மாமனார் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இந்த வராந்தா வழியாகத்தான் போனார். குட்டி குழாயடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சண்டை நடந்த காலையில் நான் குடத்தோடு போனபோது அண்ணி முகம் கழுவிக்கொண்டிருந்தாள். வலது கண் சிவந்து, ஓரத்தில் நீர் கட்டி நின்றது. வெளியே மூன்று நாளாக விடாத தூறல், வெளிச்சமே இல்லை. அந்த மங்கலிலும் அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள்.

“சண்டை கேட்டுச்சா டெய்லரக்கா?”

“இல்லையே.”

“அப்ப பலகையை மாத்திட்டாங்களா?” என்று சிரித்தாள்.

அன்று மதியம் ஊசி டப்பா வாங்கக் கீழ்த்தளத்துக்கு இறங்கினேன். மை கவுன்டரில் ஒரு பெண் நின்றிருந்தாள், ஆபீசிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்தவள் போல. எந்த வாடிக்கையாளர் வந்தாலும் அண்ணி முதலில் கேட்பது ஒன்றுதான்.

“லென்ஸ் போடுவீங்களா மேடம்?”

போடுவேன் என்றாள் அந்தப் பெண்.

“அப்ப நான் சொல்றதை மனசுல வச்சுக்கோங்க. கையை சோப்புப் போட்டுக் கழுவி, நூல் உதிராத துணியில தொடைச்சுட்டு, முதல்ல லென்ஸ். மை அதுக்கப்புறம்தான். கழட்டும்போது லென்ஸை முதல்ல எடுத்துடணும், அப்புறமா மையைக் கலைக்கணும். மாத்திச் செஞ்சா ரிமூவர் எண்ணெய் லென்ஸ்ல போய் ஒட்டிக்கும். பென்சிலை இமை முடிக்கு வெளியில மட்டும் இழுங்க. உள்ள ஈரமா ஒரு ஓரம் இருக்கு பாருங்க, அங்க வேண்டாம். அங்க போட்டது நேரா கண்ணுக்குள்ளதான் எறங்கும். உதிர்ற பவுடரும் மினுமினுப்பும் உங்களுக்கு ஆகாது, க்ரீமா இருக்கறதை எடுத்துக்கோங்க. மஸ்காரா மூணு மாசம் ஆனா தூக்கிப் போட்டுடுங்க, பாதி இருந்தாலும் சரி. ஃப்ரெண்டோடதை வாங்கிப் போடாதீங்க, உங்களோடதைக் குடுக்காதீங்க. கண்ணு சிவந்தா ரெண்டையும் நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.”

சொல்லிக்கொண்டே, லென்ஸ் இருக்கிற தன் வலது கண்ணில் ரிமூவர் பஞ்சை ஒற்றி அழித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் கொஞ்சம் குனிந்து பார்த்தாள். “உங்க கண்ணே சிவந்திருக்கு?”

“ஏசி தூசி மேடம்.”

இரண்டு கவுன்டர் தள்ளி குட்டி ஒரு ரேக்கை அடுக்குவது போல நின்றாள். அந்த ரேக் ஏற்கெனவே அடுக்கியாகிவிட்டது. அந்தப் பெண் வாங்கிக்கொண்டு போனதும் குட்டி வந்து, டெய்லர் ரூமில் கோட்டு ரெடியான்னு பார்த்துட்டு வாங்க என்றாள். அது அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு. கண் உறுத்தினால் அண்ணி என் அறைக்கு வருவாள். ஜன்னல் இல்லாத சின்ன அறை. ஒரு மெஷின், ஒரு திரை, திரைக்குப் பின்னால் ஆள் உயரக் கண்ணாடி. அங்கே லென்ஸைக் கழற்றி, கோட்டுப் பையில் இருந்த ஒரு குட்டி பாட்டிலிலிருந்து திரவம் ஊற்றி அலசிப் போட்டுக்கொண்டு போவாள். வெளியே பார்த்தால் அது அவள் கவுன்டரின் ரிமூவர் சாம்பிள் பாட்டில். உள்ளே இருந்தது லென்ஸ் அலசுகிற திரவம். பெரிய பாட்டிலைக் கையில் வைத்திருந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று, காலி சாம்பிள் பாட்டிலைக் கழுவி அதில் ஊற்றிக் கொடுத்தது குட்டி. நல்ல யோசனையாகத்தான் எங்கள் எல்லோருக்கும் பட்டது.

அன்று அண்ணி திரைக்குப் பின்னால் நெடுநேரம் இருந்தாள். கூப்பிட்டேன். “லைட்டை அணைங்களேன் அக்கா” என்றாள். அணைத்தேன். இருட்டில் இரண்டு பேரும் நின்றோம். மேலே எஸ்கலேட்டர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஊசி வைத்துக் குத்துகிற மாதிரி இருக்கிறது, வெளிச்சம் பட்டால் மண்டை வரைக்கும் போகிறது என்றாள். தானே சொன்னாள், நாளைக்கு டாக்டரிடம் போகலாம், நீங்க வாங்க அக்கா, குட்டிக்கும் எனக்கும் ஒரே நாளில் லீவு தர மாட்டார்கள் என்று.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கண்ணில் மஞ்சள் மருந்து விட்டு நீல விளக்கில் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு பேனாவை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, கருவிழியில் புண் வந்திருக்கிறது என்றார். வெள்ளையாக ஒரு புள்ளி. பார்வைக்கு நேரான இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆறினாலும் தழும்பு நடுவில் விழுந்துவிட்டால் பனிமூட்டத்தில் பார்ப்பது போலத்தான் இருக்கும். எந்தப் பக்கம் போகும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். மணிக்கொரு தடவை சொட்டு மருந்து. லென்ஸைத் தொடவே கூடாது, கண் மையும் கூடாது.

என்ன வேலை என்று கேட்டார். அண்ணி சொன்னாள்.

“மையைக் கலைக்கிறதுக்கு முன்னாடி லென்ஸை எடுத்துடணும்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா?”

“நான்தான் டாக்டர் எல்லாருக்கும் சொல்றேன்.”

டாக்டர் அவளையே பார்த்தார். திட்ட வாயெடுத்தவர் திட்டவில்லை. லென்ஸ் டப்பாவையும் திரவத்தையும் கேட்டார். அண்ணி சாம்பிள் பாட்டிலை எடுத்து வைத்தாள். அவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். இது எதில் கழுவியது என்றார். குழாய்த் தண்ணீரில் என்றாள். லென்ஸ் திரவத்தை அது வந்த பாட்டிலை விட்டு வேறெதிலும் மாற்றக் கூடாது, அதில் குழாய்த் தண்ணீர் படவே கூடாது, இந்தக் கிருமி அநேகமாக இதற்குள் இருந்துதான் வந்திருக்கும் என்று நிதானமாக விளக்கினார். பாட்டிலைப் பரிசோதனைக்கு அனுப்ப வைத்துக்கொண்டார். வெளியே வந்து படியிறங்கும்போது அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “பாட்டில் விஷயத்தைக் குட்டிகிட்ட சொல்ல வேண்டாம் அக்கா” என்றாள்.

ஆனால் சொன்னது அவள் புருஷன். தடித்த கண்ணாடியும் வீங்கிய கண்ணுமாக அவளைப் பார்த்ததும் மனிதர் ஒரு ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தார், யாரும் சாப்பிடவில்லை. எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிட்டார். குட்டி வேலை முடிந்து வந்து செருப்பைக் கூடக் கழற்றவில்லை, அதற்குள் சொல்லிவிட்டார். நான் பலகைக்கு இந்தப் பக்கம் ஒரு கோட்டின் காலரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். குட்டி செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கிற சத்தம். பிறகு அவள் குரல்.

“நல்லாத்தானேண்ணா கழுவுனேன். ரெண்டு தடவை கழுவுனேன்.”

“உன்னை யாரு என்ன சொன்னா இப்ப?” என்றாள் அண்ணி.

“யாராவது ஏதாவது சொல்லுங்களேன்.”

அடுத்த நாள் என்னையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பேசினார்கள். அவர் சொன்னது ஒன்றே ஒன்று, வேலையை விட்டுவிடு. அதை அவர் உரக்கச் சொல்லவும் முடியவில்லை. அவருடைய ரொட்டிக்கடையில் ஒரு அடுப்பை அணைத்துவிட்டார்கள், அவருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வேலை. காலணிப் பிரிவுக்கு மாற்றிக் கேட்கலாமே, அங்கே கண்ணாடி போடலாமே என்றேன். குட்டி தலையாட்டினாள். இந்தக் கண்ணாடியோடு அண்ணி கடைக்குள் எந்த மூலையில் நின்றாலும் மேனேஜர் பார்ப்பார். இது ஒரே நாளில் வந்த பவர் இல்லை என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பளிச்சென்று பார்வை என்று சொன்னது யார் என்று அடுத்த கேள்வி வரும். அறை போய்விடும்.

“நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்” என்றாள் குட்டி.

“சொல்லிட்டு? மூணு பேரும் பெட்டியோட எங்க போறது?” அண்ணி கேட்டாள். அப்புறம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், “எனக்கும் வேற என்ன தெரியும் சொல்லு. இதுல நான் நல்லா இருக்கேன். எங்கிட்ட வாங்கிட்டுப் போனவங்க திரும்பி என்னைத் தேடித்தான் வர்றாங்க.”

காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டார்கள். நானும் மெஷினை விட்டு அடிக்கடி மாடிக்கு ஓடி வந்து சொட்டு மருந்து விட்டேன். சிவப்பு வடிந்தது, வலி போனது. வெள்ளைப் புள்ளி மட்டும் போகவில்லை. நடுவுக்குப் போகாமல் நின்றிருக்கிறது, ஆனால் இன்னும் முழுசாக ஆறவில்லை என்றார் டாக்டர். இனி கண்ணாடிதான், லென்ஸை மறந்துவிடுங்கள் என்றார். இதற்குள் கவுன்டரைக் காலியாக வைக்க முடியாது, வேறு ஆளை எடுக்கட்டுமா என்று மேனேஜர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

அண்ணி வேலைக்குத் திரும்பினாள். லென்ஸும் இல்லை, கண்ணாடியும் இல்லை.

இதை எப்படிச் செய்கிறாள் என்று கேட்டால், கிட்டப்பார்வைக்காரர்களுக்கு மூக்கு நுனியில் இருப்பது நன்றாகத் தெரியும். ஒரு கைக்கண்ணாடியை மூக்கில் இடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு இடது கண்ணில் மை போட்டுக் காட்டுகிறாள். கோடு பிசகுவதே இல்லை. பென்சில், பிரஷ் எல்லாம் எந்த இடத்தில் இருக்கும் என்று கைக்குத் தெரியும். எதிரே நிற்கிறவர் மட்டும் தெரியாது. சேலை நிறமோ சட்டை நிறமோ ஒரு பூச்சாகத் தெரியும், அதைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

கவுன்டர் வரைக்கும் கொண்டு போய் விடுவது குட்டி. கடை திறக்குமுன் பாதி தூக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து போகிறோம். அப்போதுதான் துடைத்த தரை ஈரமாகப் பளபளக்கும். குட்டி அண்ணியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் பேசுகிறாள். படி. இன்னொண்ணு. வலது பக்கம் டிராலி. கவுன்டர் மேல் அண்ணியின் உள்ளங்கையை எடுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். அதற்கப்புறம் அவள் மேடம்.

போன வாரம் கவுன்டரில் ஒருவர் வந்து நின்றிருக்கிறார். நீலமாக ஒரு பூச்சு. அண்ணி சிரித்து, “லென்ஸ் போடுவீங்களா மேடம்?” என்று கேட்டிருக்கிறாள். நின்றது மேனேஜர். மீசை வைத்த மேனேஜர். பக்கத்துக் கவுன்டர் பெண்கள் சிரித்துவிட்டார்கள். குட்டி ஓடி வந்து, உங்களையே கலாய்க்கிறாங்க சார் என்று சமாளித்தாள். அவரும் சிரித்தார். ஆனால் போகும்போது திரும்பிப் பார்த்தாராம்.

மறுநாள் என் அறைக்கு வந்தார். புதுக் கோட்டுக்குத் தோளில் பிடித்துக் கொடுக்க வேண்டும். நான் வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். ஆள் உயரக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தபடி கேட்டார்:

“நீங்களும் அவங்களும் ஒரே மாடிதானே? அந்த மை கவுன்டர் பொண்ணுக்குக் கண்ணு எப்படி?”

வாயைக் காட்டினேன், ஊசி இருக்கிறது என்று. அவர் தலையாட்டினார். “அவசரமில்ல. கோட்டு வாங்க வரும்போது சொல்லுங்க” என்று போய்விட்டார்.

பொய் சொன்னால் நானும் அந்த மாமனார் வரிசையில் சேர்ந்துவிடுவேன். உண்மையைச் சொன்னால் பலகைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் பெட்டி கட்ட வேண்டும். ஒன்றும் சொல்லாமல் இருந்தால், கண் தெரியாமலே அவள் எத்தனை நாள் நிற்பாள், ஒருநாள் எஸ்கலேட்டரில் தவறிக் கால் வைப்பாள். இதை அண்ணியிடம் சொல்லவில்லை. குட்டியிடம் சொன்னேன். அவள் என் மெஷினுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யோசித்து யோசித்து ஒன்று கேட்டாள்: “கண்ணாடி போட்டவங்க எங்கயுமே மை விக்கறது இல்லையா அக்கா? உலகத்துலயே இல்லையா?”

எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்தது இந்த ஒரு கடை.

அதனால்தான் உங்களிடம் வருகிறேன். இதைப் படிக்கிறவர்கள் பல ஊரில் இருப்பீர்கள், பல கடைகளுக்குப் போவீர்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு மை கவுன்டரில் நிற்கிற ஒரு பெண்ணையாவது பார்த்திருக்கிறீர்களா? அவளிடம் வாங்கியிருக்கிறீர்களா? வாங்கியிருந்தால் எங்கே, எப்படி என்று கீழே எழுதுங்கள். நீங்களே அப்படி வேலை செய்கிறவராக இருந்தால் இன்னும் நல்லது. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற கண்ணையும் ஜனங்கள் பார்த்து வாங்குகிறார்கள் என்று அந்த மேனேஜரிடம் காட்ட எனக்கு நாலு பேர் வார்த்தை வேண்டும். கோட்டு வேலை முடிந்துவிட்டது. பட்டன் வரவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். ரொம்ப நாள் சொல்ல முடியாது. பதில் எழுதுங்கள்.